அத்தான் காதும் பல் டாக்டர் காரும்

எங்க அத்தானோட காதைப் பத்தி ஆளாளுக்கு ஒரு கதை சொல்லுவாங்க. அதுல பாதி புருடா. தெருமுனையில வண்டி திரும்பும்போதே எந்த பேரிங் போயிருக்குன்னு சொல்லிடுவாராம், போன்ல இன்ஜின் சத்தத்தைப் போட்டுக் காட்டினாலே நோய் என்னன்னு சொல்லிடுவாராம். சும்மா. ஆனா மீதிப் பாதி உண்மை. அதுக்கு நானே சாட்சி. பதினேழு வருஷம் அவர் பக்கத்துலயே நின்னவன் நான். என் அக்கா புருஷன் அவரு. கராஜ்ல ஸ்பானர் அவர் கையில, லாப்டாப் என் கையில. வாசல்ல பெருசா போர்டு எழுதி மாட்டியிருந்தோம். அந்தப் பேரை ஒருத்தர் சொல்லி நான் கேட்டதில்ல. "காதுக்காரர் கடை"ன்னாதான் எல்லாருக்கும் தெரியும்.

எங்க தொழில் என்னன்னா, சின்னக் காருங்களுக்குக் கொம்பு சீவி விடுறது. அஞ்சு கதவு, பின்னாடி பெட்டி வைக்க இடம், பாத்தா பச்சைப்புள்ள மாதிரி நிக்கும். உள்ள டர்போ இருக்கும். வெளிய போற புகையோட வேகத்தை வெச்சே ஒரு விசிறியைச் சுத்தவிட்டு, இன்ஜினுக்குள்ள காத்தைத் திணிக்கிற சாமான் அது. எவ்வளவு காத்து போகுதோ அவ்வளவு பெட்ரோல், அவ்வளவு பலம். கம்பெனிக்காரன் பயந்து பயந்து விட்டதுக்கு மேல நாங்க கொஞ்சம் விடுவோம். எவ்வளவு மேலங்கிறதுலதான் தொழிலே இருக்கு.

அளவு மீறினா, பெட்ரோல் தன் நேரம் வர்றதுக்கு முன்னாடியே வெடிக்க ஆரம்பிச்சிடும். நாக்கிங்னு சொல்லுவோம். தகர டப்பாவுல நாலு கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கின மாதிரி, கலகலனு மெல்லிசா ஒரு சத்தம். சைலன்சர் உறுமலுக்கு நடுவுல நமக்கெல்லாம் கேக்கவே கேக்காது. அதைக் கவனிக்காம விட்டா பிஸ்டன் காலி. அத்தான் அதைக் கேக்கறதுக்குன்னே இன்ஜின்ல ஒரு குட்டி மைக்கை போல்ட் போட்டு முடுக்கி, வயரை உள்ள இழுத்து, ஒரு சின்ன டப்பா வழியா ஹெட்போன்ல கேப்பாரு. டப்பாவுல ஒரு வால்யூம் திருகு, ஒண்ணுலருந்து பத்து வரைக்கும். அதை மாட்டிக்கிட்டு ஓட்டிப் பாத்துட்டு வந்து ஒரே வார்த்தைதான் சொல்லுவாரு. "க்ளீன்." இல்லன்னா "குறை." அவர் க்ளீன்னு சொன்ன இன்ஜின் ஒண்ணுகூட அது வரைக்கும் உடைஞ்சதில்ல.

அவரைப் பத்தி நல்லதா நாலு வார்த்தை சொல்லிட்டு நிறுத்திக்கலாம்தான். எனக்கு அது வராது. மனுஷன் பிடிவாதம்னா அப்படி ஒரு பிடிவாதம். கோபம் மூக்கு நுனியில உக்காந்திருக்கும். கஸ்டமர் வந்து, "ஆக்சிலேட்டரை விட்டா உஸ்ஸுனு சத்தம் வர்ற வால்வு வேணும்ணே"ன்னு கேட்டா, "பலூன் வாங்கிக் காத்தை விட்டுப் பாரு தம்பி, மலிவா முடியும்"னு மூஞ்சிக்கு நேரா சொல்லிடுவாரு. வந்த ஆளை நான்தான் டீ வாங்கிக் குடுத்து சமாதானப்படுத்தி உக்கார வைப்பேன். அப்புறம் அவரே போய் ஒண்ணரை மணி நேரம் அந்த ஆளுக்குப் பாடம் எடுப்பாரு. முதல்ல நிக்கிறதுக்கு வழி பண்ணு, பிரேக்கும் டயரும். அப்புறம் இன்ஜின் சூடு ஆறதுக்கு வழி பண்ணு. கடைசியாத்தான் ஓடுறதுக்கு. இந்த வரிசையை மாத்தச் சொன்னா வண்டியைத் தொட மாட்டாரு.

மூணு நாலு வருஷமா ஒரு விஷயம் என் கண்ணுல பட்டுக்கிட்டே இருந்துச்சு. அந்தத் திருகு. நான் வந்து சேந்த புதுசுல மூணுல இருக்கும். அப்புறம் அஞ்சு. அப்புறம் ஏழு. ஒரு நாள் சுத்தம் பண்ணும்போது எடுத்துப் பாக்குறேன், பத்துல நிக்குது. தெரியாம கை பட்டிருக்கும்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். இன்னொரு நாள் அத்தான் ஒரு கஸ்டமரோட வண்டியை ரிவர்ஸ் எடுத்தவரு நேரா தூண்ல கொண்டுபோய்ச் சாத்திட்டாரு. "ரிவர்ஸ் சென்சார் கத்தவே இல்லடா, அதையும் பாத்து வை"ன்னாரு. அது கத்தினது கராஜோட அந்தக் கோடியில நின்ன எனக்கே கேட்டுச்சு. முப்பது வருஷம் கிரைண்டருக்கும் ஏர் கன்னுக்கும் நடுவுல நின்ன காது. தேயாம என்ன பண்ணும்?

அக்காதான் முதல்ல வாயைத் தொறந்தா. "டேய், உங்க அத்தானுக்குக் காது சரியாத்தான் இருக்கா? வாஷிங் மெஷின் முடிஞ்சு பீப் பீப்னு உயிரை விடுது. பக்கத்துலயே உக்காந்திருக்காரு, அசைய மாட்டேங்கறாரு."

"துணி காயப்போடச் சோம்பேறித்தனம்க்கா. உனக்குத் தெரியாதா அவரை?"

"சிரிக்காதடா. நான் பேசினா காதுலயே வாங்கிக்கறதில்ல. நீ சொல்லு. டாக்டர்கிட்ட ஒரு தடவை கூட்டிட்டுப் போ."

சரின்னேன். போகல. ஏன்னு கேட்டா, வெக்கத்தை விட்டுச் சொல்றேன். அந்தக் காது போச்சுன்னா எங்க கடை பத்தோட பதினொண்ணு. அவருக்கு அதைச் சொல்றதுன்னா, "நீங்க முடிஞ்சீங்க"ன்னு சொல்ற மாதிரி. அதை அவர் மூஞ்சியைப் பாத்துச் சொல்ற துணிச்சல் எனக்கு இல்ல. அதோட, எனக்கும் அந்தக் கடையை விட்டா வேற போக்கிடம் இல்ல.

அப்பத்தான் பல் டாக்டர் வந்தாரு. முப்பத்தஞ்சு வயசு இருக்கும், ஒல்லி, அதிர்ந்து பேசத் தெரியாது. ரெண்டு தெரு தள்ளி அவரும் அவர் பொண்டாட்டியுமா ஒரு சின்ன கிளினிக் நடத்துறாங்க. பழைய டர்போ கார் ஒண்ணு வாங்கியிருந்தாரு. ரெண்டு பக்கத்துக்கு லிஸ்ட் எழுதிட்டு வந்திருந்தாரு, இன்டர்நெட்ல பாத்துப் பாத்து. அத்தான் அதை வாங்கிப் பாத்தாரு. அந்த நேரத்துல டாக்டர் அத்தானோட வாயைப் பாத்துட்டாரு.

"அண்ணே, உங்க கடவாய்ப் பல்லு ஒண்ணு சொத்தையாயிருக்கு. வாங்க, ஒரு நாள் எடுத்துடலாம்."

"உங்க கிளட்ச்சும் சொத்தைதான் டாக்டர். முதல்ல அதை எடுப்போம்."

அன்னைக்கே ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டாங்க. லிஸ்ட்ல பாதியை அத்தான் அடிச்சுட்டாரு. பெரிய டர்போ வேணாம், இருக்கறதே போதும். காத்தை ஆத்துற இன்டர்கூலரைப் பெருசாக்கு. டர்போவை ஒட்டிக் கீழ இறங்குற புகைக்குழாயை அகலமாக்கு. பெட்ரோல் பம்ப் மாத்து. பிளக் மாத்து. ஸ்டிக்கர் வேணும்னா நீங்களே ஒட்டிக்குங்க. டாக்டர் எல்லாத்துக்கும் தலையாட்டினாரு, ஒண்ணைத் தவிர. இன்ஜினைத் தாங்குற ரப்பர் மவுண்டை எடுத்துட்டு, போட்டி வண்டியில போடுற கெட்டி மவுண்ட் வேணும்னு நின்னாரு. கியர் மாத்தும்போது இன்ஜின் முன்ன பின்ன ஆடுறது அவருக்குப் பிடிக்கல.

"வேணாம் டாக்டர். ரப்பர் மெத்துனு இருந்தாத்தான் நடுக்கம் வண்டிக்குள்ள வராது. கல்லு மாதிரி போட்டீங்கன்னா உங்க பல்லே ஆடும். அப்புறம் உங்களுக்கு நீங்களே பல்லு கட்டிக்கணும்."

டாக்டர் விழுந்து விழுந்து சிரிச்சாரு. ஆனா விட்டுக் குடுக்கல. பிடிச்ச ஆள் கேட்டா எங்க அத்தான் கொஞ்சம் இளகிடுவாரு. சரின்னுட்டாரு.

ஒம்பது நாள் வேலை. இன்டர்கூலருக்காக முன் பம்பரைக் கழட்டி, உள்பக்கம் ரெண்டு விரல்கடை அறுத்து உக்கார வெச்சோம். பழைய குழாயோட போல்ட் ரெண்டு துருப்பிடிச்சு உள்ளயே முறிஞ்சுடுச்சு. அதைத் துளை போட்டு எடுக்க ஒரு முழு நாள், என் வாயில வராத கெட்ட வார்த்தை இல்ல. அத்தான் மட்டும் பாட்டு முணுமுணுத்துக்கிட்டே வேலை செஞ்சாரு. மத்தியானத்துல டாக்டர் வந்து ஒரு ஸ்டூல்ல உக்காந்து பாத்துட்டுப் போவாரு. "என் வேலையும் இதேதான்ணே, கொஞ்சம் சின்ன ஸ்பானர்"னு சொல்லிக் கையைக் காட்டுவாரு. நீளமான சுத்தமான விரலு.

இப்ப நான் சொல்லப்போறதைக் கவனமா கேக்கணும். கம்பெனியே ஒவ்வொரு இன்ஜின்லயும் நாக்கிங் கேக்கறதுக்கு ஒரு சென்சார் வெச்சிருப்பான். அதுவும் ஒரு மைக் மாதிரிதான். அது கத்தினா வண்டியோட கம்ப்யூட்டர் பலத்தைக் குறைச்சு இன்ஜினைக் காப்பாத்திடும். கெட்டி மவுண்ட் போட்டா எல்லா நடுக்கமும் அந்தச் சென்சாருக்கும் போகும், ஒண்ணும் இல்லாததுக்கே கத்தும். அதனால எங்களை மாதிரிக் கடைகள்ல, காதால கேட்டுப் பாத்து க்ளீன்னா, அந்தச் சென்சாரைக் கொஞ்சம் மந்தமாக்கிடுவோம். மெஷினை விடக் காதை நம்புற வேலை அது. தப்பான காதை நம்பினா, இன்ஜினைக் காப்பாத்த யாருமே இல்ல.

ஒரு காலை நேரம், பழைய குடோன் பின்னாடி இருக்கிற நேர் ரோடு. வண்டியில நாங்க ரெண்டு பேர்தான். அத்தான் ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஓட்டுறாரு, பக்கத்து சீட்ல நான், மடியில லாப்டாப். முதல் ஓட்டத்துலயே சென்சார் தறிகெட்டுக் கத்துச்சு, நாலு சிலிண்டர்லயும். "க்ளீன். மவுண்ட் சத்தம். மந்தமாக்கு"ன்னாரு. அது சரிதான், எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுச்சு. மந்தமாக்கினேன். திரும்ப ஓடினோம். லாப்டாப் திரையில சென்சார் காட்டுற கோடு எல்லாம் படுத்துடுச்சு, ஒண்ணைத் தவிர. நாலாவது கியர், அஞ்சாயிரம் சுத்துக்கு மேல, ரெண்டாவது சிலிண்டர்ல மட்டும் எந்திரிச்சு நிக்குது. மவுண்ட் சத்தம்னா நாலுலயும் வரணும். ஒண்ணுல மட்டும் வந்தா அது நெஜம். இது எனக்குத் தெரியும். இது தெரியாம பதினேழு வருஷம் நான் லாப்டாப் தட்டல.

"க்ளீன்"னாரு அத்தான், ரோட்டைப் பாத்துக்கிட்டே. திருகு பத்துல இருந்துச்சு.

நான் சொன்னேன். சொல்லலைன்னு யாரும் சொல்ல முடியாது. "ரெண்டாவதுல நாக்கிங் காட்டுது அத்தான்." எப்படிச் சொன்னேன்? திரையைப் பாத்துக்கிட்டு, வாய்க்குள்ளயே, சைலன்சர் உறுமிக்கிட்டு இருக்கும்போது. அவர் திரும்பல. ஓரமா நிறுத்தினாரு. ஒரு பக்கக் காதுலருந்து ஹெட்போனை நகர்த்தினாரு. இன்ஜின் சும்மா ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதே குரல்ல இன்னொரு தடவை சொன்னேன். அவர் கண்ணாடியைச் சரி பண்ணிக்கிட்டு, "போலாமா?"ன்னாரு.

சத்தமா சொல்லியிருக்கலாம். தோளைத் தட்டித் திரையைக் காட்டியிருக்கலாம். செய்யல. கேக்கக் கூடாதுன்னுதான் அந்தக் குரல்ல சொன்னேன். சொன்ன மாதிரியும் ஆச்சு, அவர் மனசும் நோகாது. என் கையே சென்சாரை இன்னும் ஒரு படி மந்தமாக்குச்சு. கோடு படுத்துடுச்சு. சாயங்காலம் டாக்டர் வந்து சாவியை வாங்கிக்கிட்டு, சின்னப்புள்ள மாதிரி குதிச்சுக்கிட்டுப் போனாரு.

இருபத்திரெண்டு நாள் ஓடுச்சு அந்தக் கார்.

மேட்டு ரோட்ல ஒரு லாரியைத் தாண்டும்போது பிஸ்டன் உடைஞ்சிருக்கு. உள்ள அழுத்தம் ஏறி, அளவு பாக்குற குச்சி சொருகுற ஓட்டை வழியா ஆயில் பீச்சியடிச்சு, பழுக்கக் காய்ஞ்ச அந்தப் புகைக்குழாய் மேல கொட்டியிருக்கு. நாங்க அகலமா போட்ட அதே குழாய். புகை வந்ததும் டாக்டர் ஓரமா நிறுத்தியிருக்காரு. அதோட ஓடிப் போயிருக்கலாம். ஆசையா வாங்கின வண்டி, என்ன ஆச்சோன்னு பானெட்டைத் தொறந்திருக்காரு. காத்து உள்ள போனதும் தீ குப்புனு எந்திரிச்சிருக்கு. வலது கையைக் குறுக்க கொடுத்து மூஞ்சியைக் காப்பாத்திக்கிட்டாரு.

ஆஸ்பத்திரியில பாக்கப் போனோம். கை முழங்கை வரைக்கும் கட்டு. விரல் மடங்காதாம். தோல் எடுத்து ஒட்டினாலும் பழையபடி வராதாம். அவர் பொண்டாட்டி எங்களுக்கு நாற்காலி இழுத்துப் போட்டாங்க. அத்தான் உக்காரல.

டாக்டர்தான் எங்களுக்கு ஆறுதல் சொன்னாரு, கேளுங்க இந்தக் கொடுமையை. "விடுங்கண்ணே. மெஷின்தானே, எப்ப வேணா போகும். நீங்க உங்க காதால கேட்டு க்ளீன்னு சொன்னீங்க, உங்க மேல என்ன தப்பு? நான்தான் மடத்தனமா பானெட்டைத் தொறந்துட்டேன்."

அத்தான் சுவரைப் பாத்துக்கிட்டு நின்னாரு. "வரேன் டாக்டர்"னு மட்டும் சொல்லிட்டு வெளிய வந்துட்டாரு.

எரிஞ்ச வண்டியை இழுத்துட்டு வந்து உள்ள விட்டோம். மறுநாளே இன்ஜினைப் பிரிச்சாரு. நான் செய்யறேன்னு சொல்லியும் விடல. ஒண்ணாவது, மூணாவது, நாலாவது பிஸ்டன் எல்லாம் முழுசா வந்துச்சு. ரெண்டாவது ஓரம் முறிஞ்சு, தலைப்பக்கம் பூரா பொடிப் பொடியா குழி. நாக்கிங் அரிச்ச குழி. ஒரு நாள்ல வர்றதில்ல அது, இருபத்திரெண்டு நாளா அரிச்சது. அவர் விரலை வெச்சுத் தடவித் தடவிப் பாத்தாரு. அப்புறம் பழைய டயர் மேல உக்காந்துட்டாரு.

"நாளைக்கு டாக்டர் வீட்டுக்குப் போறேன்"னாரு. ஆஸ்பத்திரியிலருந்து அவரை அன்னைக்குத்தான் அனுப்பியிருந்தாங்க. "என் காது போயிடுச்சு, அதை மறைச்சுட்டு உங்க வண்டியைத் தொட்டேன்னு சொல்லிடறேன். நீ வராத. உன் மேல ஒண்ணும் இல்ல."

அதைக் கேட்டதும் என்னால தாங்க முடியல. அந்த மனுஷன் முழுப் பழியையும் தனியா தூக்கிட்டுப் போறாரு, நான் வாயை மூடிக்கிட்டு லாப்டாப்பைத் துடைச்சுக்கிட்டு நிக்கிறேன். கிட்டப் போனேன். இந்தத் தடவை கத்தியே சொன்னேன், கராஜ் அதிர்ற மாதிரி.

"உங்க மேல மட்டும் இல்ல அத்தான்! அன்னைக்கு லாப்டாப்ல காட்டுச்சு. ரெண்டாவது சிலிண்டர்னு தெளிவா காட்டுச்சு. நான் உங்ககிட்ட சொன்னேன். உங்களுக்குக் கேக்கக் கூடாதுன்னே மெதுவா சொன்னேன். நாய் நான். எனக்குத் தெரிஞ்சே அவரை அனுப்பினேன்."

அடிப்பாருன்னு நெனச்சேன். அடிச்சா நல்லாயிருக்கும்னும் இருந்துச்சு. அவர் தலையைத் தூக்கி என்னைப் பாத்தாரு. கண்ணு ரெண்டும் ரத்தமா சிவந்திருந்துச்சு.

"எதுக்குடா கத்துற?"ன்னாரு. "கூழாங்கல்லு சத்தம்தான் எனக்குக் கேக்கல. உன் குரல் கேக்கும். அன்னைக்கும் கேட்டுச்சு. ரெண்டு தடவையும் கேட்டுச்சு."

கையில இருந்த பிஸ்டனைத் தரையில வெச்சாரு.

"இன்னொரு தடவை நீ சொன்னா, காது போச்சுன்னு ஒத்துக்கிடலாம்னு இருந்தேன். நீ சொல்லல. அப்பாடான்னு வண்டியை எடுத்தேன்."

அக்கா சாப்பாடு எடுத்துட்டு வந்தவ, எங்க ரெண்டு பேரையும் பாத்துட்டு வாசல்லயே நின்னுட்டா.

மறுநாள் ரெண்டு பேருமே போனோம். டாக்டரோட பொண்டாட்டி கதவைத் தொறந்து, "வாங்கண்ணா, உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருந்தாரு"ன்னு சிரிச்ச முகமா கூப்பிட்டாங்க. டாக்டர் உள்ள மேசையில, இடது கையால தன் பேரை எழுதிப் பழகிட்டு இருந்தாரு. எங்களைப் பாத்ததும் பேனாவை வெச்சுட்டு எந்திரிச்சாரு. அத்தான் உக்காரல. நின்னுக்கிட்டே சொல்ல ஆரம்பிச்சாரு.